ஆட்டோகிளேவ் இல்லாமல் ஏஏசி பிளாக் யூனிட் போடலாமா?

புதுவரவு77

வணக்கம். நானும் என் மைத்துனரும் சேர்ந்து லைட்வெயிட் பிளாக் தயாரிக்கும் தொழிலில் இறங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். முழு ஏஏசி (நீராவி அழுத்தத்தில் வேகவைத்த, காற்றுத் துளை நிறைந்த கான்கிரீட் கல்) பிளாண்ட் என்றால் பாய்லர், ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கல்லை வேகவைக்கும் பெரிய கலன்), வெட்டும் மெஷின், கிரேன் என்று செலவு எங்கேயோ போகிறது. இதற்கிடையில் மெஷின் விற்கும் ஒருவர் வந்து, ஆட்டோகிளேவே தேவையில்லை, சிமென்ட் கலவையில் நுரையைக் கலந்து அச்சில் ஊற்றி, மறுநாள் கழற்றி, தண்ணீர் காட்டினால் போதும், பார்வைக்கு அதே கல், மிதக்கவும் செய்யும், வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்கிறார். முதலீடு பத்தில் ஒரு பங்குகூட வராதாம். இதில் ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா? பிளாண்டில் வேலை செய்தவர்கள், கட்டட வேலையில் இருப்பவர்கள், யாராக இருந்தாலும் மனதில் பட்டதை நேராகச் சொல்லுங்கள்.

உலைவாய்

நண்பரே, "வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது" என்று ஒருவர் சொல்லும்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஏஏசி பிளாண்டில் உற்பத்திப் பக்கம் இருக்கிறேன்.

இரண்டும் ஒரே கல் இல்லை. ஏஏசியில் அரைத்த மணலோ நிலக்கரிச் சாம்பலோ, சுட்ட சுண்ணாம்பு, சிமென்ட், கொஞ்சம் ஜிப்சம், தண்ணீர், கடைசியில் அலுமினியப் பேஸ்ட் சேரும். சுண்ணாம்பும் அலுமினியமும் தண்ணீரில் வினைபுரிந்து ஹைட்ரஜன் கிளம்பும், அதுதான் கலவையை அச்சுக்குள் மேலே தூக்குகிறது. ஒரு கன மீட்டர் கல்லுக்கு அலுமினியம் ஏறத்தாழ அரைக் கிலோதான் போகும். ஒரு கிலோ அலுமினியம் ஒரு கன மீட்டருக்கும் மேல் வாயு தரும் என்பதால் அதுவே போதும். ஹைட்ரஜன் வெளியேறி அந்தத் துளைகளில் காற்று புகுந்துகொள்கிறது. கன மீட்டருக்கு 500 கிலோ அடர்த்தியுள்ள கல்லில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றிடம்தான்.

இதுவரைக்கும் உள்ளதை மட்டும் பார்த்தால் நுரைக்கல்காரர் சொல்வது நியாயம்தானே என்று தோன்றும். துளை எப்படி வந்தால் என்ன? ஆனால் பாதிக் கதைதான் இது. அச்சில் இரண்டு மூன்று மணி நேரம் இறுகிய கேக்கை மெல்லிய எஃகுக் கம்பியால் அறுத்து ஆட்டோகிளேவில் தள்ளுகிறோம். முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நீராவியை மெல்ல ஏற்றி, 10 முதல் 12 பார் அழுத்தத்தில், சுமார் 180, 190 டிகிரியில் மணிக்கணக்காக நிறுத்தி வைக்கிறோம். ஏற்ற, நிறுத்த, இறக்க எல்லாம் சேர்த்து 10, 12 மணி நேரம் போய்விடும். அந்த வெப்பத்தில்தான் சுண்ணாம்பும் சிலிக்காவும் சேர்ந்து டோபர்மொரைட் என்ற படிகமாகிறது. கல்லின் பலமும் அதுதான், காய்ந்தபின் சுருங்காமல் நிற்பதும் அதனால்தான். சாதாரண வெப்பத்தில் ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினாலும் அந்தப் படிகம் வராது.

சுருக்கத்தை மட்டும் பாருங்கள். ஒழுங்காக வெந்த ஏஏசி காயும்போது ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டருக்குள் சுருங்கும். நுரை ஊற்றி வார்த்த கல் அதைப்போல் பல மடங்கு. அந்த மெஷின்காரர் இந்த எண்ணை உங்களிடம் சொன்னாரா?

மட்டப்பலகை

உலைவாய் சார் நுரைக்கான்கிரீட்டை ஒரேயடியாக ஒதுக்குகிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மொட்டை மாடியில் சாய்வு போட, தரைக்குக் கீழே பள்ளம் நிரப்ப, பழைய குழாய், சுரங்கம் மூட என்று நேரடியாக ஊற்றி நிரப்பும் வேலைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. தானாக ஓடிப் பரவும், அதிர்வு கொடுக்க வேண்டாம், எடையும் குறைவு. அங்கே சுருக்கம் யாரையும் பாதிப்பதில்லை. சுவர்க் கல்லாக அச்சில் வார்த்து, ஏஏசி என்று பெயர் போட்டு விற்பதுதான் தப்பு. அது பொருளின் குற்றம் ஆகாது.

உலைவாய்

ஒப்புக்கொள்கிறேன். நான் பேசியது சுவர்க் கல்லைப் பற்றித்தான்.

ரசமட்டம்

பிளாண்ட்காரர்கள் ஆட்டோகிளேவைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். நான் சுவர் கட்டுகிறவன். நல்ல பெயருள்ள பிளாண்டிலிருந்து வந்த, ஆட்டோகிளேவில் வெந்த கல்லிலேயே விரிசல் விட்டிருக்கிறது. கட்டி, பூசி, பெயின்ட் அடித்து சாவி கொடுத்தாயிற்று. அடுத்த கோடையில் தூணும் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு. ஜன்னல் மூலையில் சாய்வாக இன்னொன்று. வீட்டுக்காரர் போன் செய்வது எனக்குத்தானே தவிர பிளாண்டுக்கு இல்லை. பிளாண்டில் கேட்டால் "கொத்தனார் வேலை சரியில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

உலைவாய்

அண்ணா, கோபம் வேண்டாம், ஆனால் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். கல் வந்து எவ்வளவு நாளில் கட்டினீர்கள்? ஒட்டும் கலவை போட்டீர்களா, சாதாரண சிமென்ட் கலவையா? தூணோடு சேரும் இடத்தில் இடைவெளி விட்டு நெகிழும் பொருள் அடைத்தீர்களா, கலவையை அப்பி இறுக்கினீர்களா?

ரசமட்டம்

லாரி வந்த வாரமே கட்டினோம், சைட்டில் வேறு எப்படி நடக்கும்? கல்லைத் தொட்டால் சூடு இருந்தது, அடுக்கின் நடுவில் இருந்த கல்லைப் புரட்டினால் அடிப்பக்கம் கறுத்து ஈரமாக இருந்தது. கலவை சிமென்ட்தான், ஏனென்றால் கல் ஒன்றுக்கொன்று உயரம் மாறியது. 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒட்ட வேண்டும் என்று பையில் அச்சடித்திருக்கிறார்கள், கல்லே 4 மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் எதை வைத்து ஒட்டுவது? தூணோரம் இடைவெளி விட்டோம், வலையும் அடித்தோம். மேலே பீமுக்கு அடியில் மட்டும் மேஸ்திரி அவசரப்பட்டு அன்றைக்கே இறுக்கி அடைத்துவிட்டார்.

உலைவாய்

அப்படியானால் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள் தலையில்தான் விழும். உயரம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் அறுக்கும் கம்பி தளர்ந்திருக்கிறது, அல்லது கேக் சரியாக இறுகுவதற்கு முன்னாலேயே அறுத்திருக்கிறார்கள். சூடாக வந்த கல்லுக்கு மன்னிப்பே கிடையாது. ஆட்டோகிளேவிலிருந்து வெளிவரும்போது கல்லின் எடையில் 30 சதவீதம்வரை தண்ணீர் இருக்கும். அதை நிழலில், காற்றோட்டமாக அடுக்கி வைத்து, ஈரம் நன்றாக இறங்கியபின் அனுப்ப வேண்டும். சுருக்கத்தில் பெரும்பகுதி அந்த ஈரம் போகும்போதுதான் நடக்கிறது. சுவராகக் கட்டி, பூசி அடைத்தபின் அது நடந்தால், சுருங்க வேண்டிய நீளம் எங்காவது ஒரு இடத்தில் கோடாகத்தான் வெளிப்படும்.

சிமென்ட் கலவையைப் பொறுத்தவரை, காய்ந்த கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை இறுகுவதற்குத் தண்ணீர் மிஞ்சாது, கையால் தேய்த்தால் பொடியாக உதிரும். ஒட்டும் கலவையில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் செல்லுலோஸ் பொருள் சேர்த்திருப்பார்கள், அதற்காகத்தான் அதைப் போடச் சொல்கிறோம். இதைச் சாக்காக வைத்து கல்லைத் தொட்டியில் முக்கி ஊறவைத்துக் கட்டுகிறார்கள் பாருங்கள், அது இன்னும் மோசம். மேலே தூசியைத் துடைத்துவிட்டு லேசாக ஈரம் காட்டினால் போதும்.

பீமுக்கு அடியில் அடைத்ததை மட்டும் உங்கள் கணக்கில் வையுங்கள். மேல்மாடிச் சுமை ஏற ஏற பீம் கொஞ்சம் தொய்யும். அதற்கு இடம் விட்டு, கடைசியில் நெகிழும் பொருளால்தான் அடைக்க வேண்டும்.

லாரிக்கணக்கு

இந்த ஈரக் கல் எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்கிறேன், நான் வாங்கி விற்கிறவன். பிளாண்டில் கல்லைக் காய வைக்க ஆளுக்கும் நெருப்புக்கும் செலவில்லை, இடத்துக்குத்தான் செலவு. ஒரு நாள் உற்பத்தியை அடுக்கவே பெரிய மைதானம் வேண்டும், மழை பெய்தால் கூரையும் வேண்டும். பணம் கல்லாக முடங்கிக் கிடக்கும். விற்பனை சூடு பிடித்தால் ஆட்டோகிளேவ் கதவிலிருந்து நேராக லாரிதான். விற்பனை படுத்தால் வேறு கதை, நிறுத்தி வைக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணி வெட்டுவார்கள், சுண்ணாம்பைக் குறைத்துச் சாம்பலைக் கூட்டுவார்கள். ஆக, சந்தை நன்றாக இருந்தாலும் கல் கெடும், படுத்தாலும் கெடும்.

இந்தப் பொருளின் சந்தையே லாரிக்குள் இருக்கிறது. எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். உடைந்தால் காசு போச்சு. பிளாண்டிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் வாடகை கல்லின் விலையைத் தின்றுவிடும், அதனால் ஏஏசிக்கு நாடு முழுக்க ஒரே சந்தை என்று எங்கேயும் கிடையாது, பிளாண்டைச் சுற்றி ஒரு வட்டம்தான். அந்த வட்டத்துக்குள் ஒரு பிளாண்ட் இருக்கும்வரை நல்ல லாபம். அந்த லாபத்தைப் பார்த்து இரண்டாவது வரும், மூன்றாவது வரும், எல்லாரும் கடன் வாங்கிப் போட்டவர்கள், பாய்லரை அணைத்து வைத்தால் நஷ்டம் என்பதால் யாரும் நிறுத்த மாட்டார்கள், விலை விழும். பிறகு மேலே சொன்ன கூத்து.

ஈரத்தின் கணக்கையும் பாருங்கள். 550 கிலோ அடர்த்தியுள்ள கல் 30 சதவீத ஈரத்தோடு 715 கிலோ. 30 கன மீட்டர் ஏற்றினால் கிட்டத்தட்ட 5 டன் தண்ணீருக்கு டீசல் எரிக்கிறோம்! காய்ந்த கல்லை அனுப்புவது தர்மத்துக்காக இல்லை, வாடகைக்காகவே லாபம். ஆனால் வாடகையை வாங்குகிறவர் கொடுப்பதால் பிளாண்டுக்கு வலிப்பதில்லை.

நெடுந்தூண்

நான் ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்கிறேன். சந்தையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, இந்தக் கல்லை யார் வாங்க வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள்.

230 மில்லிமீட்டர் செங்கல் சுவர், 3 மீட்டர் உயரம் என்றால், பூச்சு இல்லாமலேயே ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1,300 கிலோ. அதே இடத்தில் 200 மில்லிமீட்டர் ஏஏசி, ஈரத்தையும் ஒட்டும் கலவையையும் சேர்த்து எடுத்தாலும் 400 கிலோ. இந்த 900 கிலோ ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு மீட்டரிலும் மிச்சமாகிறது. பத்து மாடிக்குக் கூட்டிப் பாருங்கள். பீமில் கம்பி குறையும், தூண் அளவு குறையும், அடித்தளம் சிறுக்கும். நிலநடுக்கத்தில் கட்டடத்தை உலுக்கும் விசை எடையைப் பொறுத்தது, அதுவும் இறங்கும்.

ஆனால் இது ஏஏசி என்று முதலிலேயே முடிவு செய்து டிசைன் போட்டால்தான். நடைமுறையில் நான் பார்ப்பது என்ன? செங்கல் சுமைக்கு டிசைன் போட்டு, கம்பி வாங்கி, தூணும் எழுப்பியபின் சுவர் கட்டும் நேரத்தில் "எல்லாரும் ஏஏசிக்குப் போகிறார்கள், நாமும் மாற்றலாமா" என்று கேட்கிறார்கள். மாற்றலாம், சுவர் சீக்கிரம் எழும், வீடும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் பெரிய மிச்சம் கம்பியிலும் கான்கிரீட்டிலும்தான், அது ஏற்கனவே செலவாகிவிட்டது. ஒற்றை மாடி வீட்டுக்கு எடைக் கணக்கில் கிடைப்பது சொற்பம். எனவே புதுவரவு, உங்கள் வட்டத்துக்குள் எத்தனை வீடு கட்டுகிறார்கள் என்று எண்ணாதீர்கள், எத்தனை உயரமான கட்டடம் டிசைன் மேசையில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

கீற்றொளி

ஒரு சந்தேகம். இங்கிலாந்தில் இந்த ஏஏசி கான்கிரீட்டால்தானே பள்ளிக்கூடங்களை மூடினார்கள்? அதற்குப் பிறகும் இதைக் கட்டலாமா?

நெடுந்தூண்

அது கம்பி வைத்து வார்த்த ஏஏசிப் பலகை, கூரைக்குப் போட்டது. 1950களிலிருந்து அங்கே பள்ளி, மருத்துவமனைக் கூரைகளில் ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். 2018இல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை விழுந்தது, வார இறுதி என்பதால் யாரும் அடியில் இல்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கும் நேரத்தில், 100க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அந்தக் கட்டடங்களை மூடச் சொன்னார்கள்.

காரணம் தெளிவு. சாதாரண கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். ஏஏசியில் அந்தக் காப்பு இல்லை, துளை நிறைந்த பொருள், ஈரமும் காற்றும் எளிதில் போகும். அதனால் கம்பிக்குத் தனியாக மேல்பூச்சு கொடுத்துத்தான் வார்ப்பார்கள். கூரை ஒழுகி அது கெட்டால் கம்பி துருப்பிடிக்கும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. பலகையின் முனை சுவரில் போதுமான அகலம் உட்காராமல் விட்டதும், முனையில் குறுக்குக் கம்பி இல்லாமல் போனதும் சேர்ந்துகொண்டது. சுவரில் கட்டும் கல்லில் கம்பியே கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்பட வேண்டாம்.

மட்டப்பலகை

இந்தப் பொருளுக்கு இது முதல் சிக்கலும் இல்லை. 1920களில் சுவீடனில் யோஹன் அக்செல் எரிக்சன் என்பவர் கண்டுபிடித்தது, 1929இல் அங்கே யிக்ஸ்ஹுல்ட்டில் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது, யீட்டாங் என்ற வணிகப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. சுவீடனில் மணலுக்குப் பதில் ஆலம் ஷேல் என்ற பாறையை எரித்துப் பயன்படுத்தினார்கள், எரிபொருளும் அதிலேயே இருந்தது, மலிவு. அந்தப் பாறையில் யுரேனியம் இருந்தது. நீல நிறக் கல், லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயிற்று, யுரேனியத்திலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் பிரச்சினை வெளியே வந்தபின் 1975இல் உற்பத்தி நின்றது. மூலப்பொருள் மலிவாகக் கிடைத்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

புதுவரவு77

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நுரைக்கல் யோசனையைக் கைவிட்டாயிற்று, மைத்துனர்தான் கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். முழு பிளாண்ட் என்றே வைத்துக்கொண்டால், மணலா சாம்பலா? சாம்பல் அனல்மின் நிலையத்திலிருந்து மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். இதோடு இன்னொன்று, பிளாண்டில் ராத்திரி தூக்கம் கெடுக்கிற விஷயம் எது?

உலைவாய்

சாம்பல் என்றால் அரைக்கும் செலவு பெரும்பாலும் மிச்சம், ஏற்கனவே மாவுபோல வரும். ஆனால் அது மின் நிலையத்தின் கழிவு, உங்களுக்காக யாரும் அதைத் தயாரிப்பதில்லை. கரி மாறினால் சாம்பல் மாறும், எரியாத கரித்துகள் கூடினால் தண்ணீரை இழுக்கும், கலவை கெட்டிப்படும், நிறமும் கறுக்கும். கரி நிலையங்கள் மூடப்படும் நாடுகளில் சாம்பலே தட்டுப்பாடு. மணல் என்றால் பால்மில்லில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் மெஷின்) தண்ணீரோடு அரைக்க வேண்டும், மின்கட்டணம் கையைக் கடிக்கும், ஆனால் தினமும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே அடர்த்தியில் கொஞ்சம் கூடுதல் பலமும் வரும். மணலில் குவார்ட்ஸ் அதிகமாகவும் களிமண் குறைவாகவும் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு எது கிடைக்கும் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள், இன்றைய விலையைப் பொறுத்து அல்ல.

தூக்கம் கெடுப்பது சுண்ணாம்பு. எல்லாரும் அலுமினியத்தைச் சொல்வார்கள், அது ஆபத்தானது என்பது உண்மைதான், உலர்ந்த பவுடர் தூசி பறந்தால் வெடிக்கும், அதனால்தான் பலர் பேஸ்ட்டுக்கு மாறிவிட்டார்கள். வார்க்கும் இடத்தில் ஹைட்ரஜன் தேங்காமல் காற்றோட்டமும் வேண்டும். ஆனால் தினசரித் தலைவலி சுண்ணாம்பு. தண்ணீரில் போட்டால் அது எத்தனை நிமிடத்தில் 60 டிகிரியைத் தொடுகிறது என்று ஒவ்வொரு லோடுக்கும் பார்ப்போம். சூளையில் அதிகம் வெந்த சுண்ணாம்பு மெதுவாக வேலை செய்யும், குறைவாக வெந்ததில் பாதி கல்லாகவே இருக்கும். சீக்கிரம் சூடேறினால், வாயு வந்து முடிவதற்குள் கலவை இறுகி, மேலே எழும்பாமல் உள்ளே கீறல் விடும். மெதுவாகச் சூடேறினால், வாயு எல்லாம் வந்து எழும்பி நின்ற கலவை, இறுகாததால் கண் முன்னாலேயே பொசுக்கென்று உட்கார்ந்துவிடும். ஒரு அச்சு கலவை முழுக்க வீண். அறுக்கும்போது விழும் துண்டைக் கரைத்துத் திரும்பச் சேர்க்கலாம், உட்கார்ந்துபோன அச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம், ஆனால் அன்றைய கணக்கு போனது போனதுதான். சூளைக்காரரை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரசமட்டம்

வெந்தபின் உடைந்த கல்லை என்ன செய்கிறீர்கள்? சைட்டில் எனக்குக் குவிகிறது.

உலைவாய்

அரைத்து ஓரளவு கலவையில் திரும்பச் சேர்க்கலாம். நீங்கள் என்றால் தரை நிரப்ப, மாடிச் சாய்வுக்குக் கீழே போட. சில நாடுகளில் பொடித்து, சலித்து, பூனை மலம் கழிக்கும் தட்டில் போடும் துகளாக விற்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சும் குணம் அங்கேயாவது பயன்படுகிறது.

லாரிக்கணக்கு

புதுவரவு, பிளாண்ட் போடுவதற்கு முன் ஒரு வருடம் வாங்கி விற்றுப் பாருங்கள். கல்லைக் கன மீட்டர் கணக்கில் வாங்குங்கள், ஆனால் ஒவ்வொரு லாரியையும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். ஒரே பிளாண்ட், ஒரே அடர்த்தி என்று பில் வரும், எடை மட்டும் லோடுக்கு லோடு மாறும். ஒரு லோடிலிருந்து நாலைந்து கல்லை எடுத்து அளந்து, அடுப்பில் முழுக்க உலர்த்தி மறுபடி எடை போட்டால், கூடுதல் எடை ஈரமா, உண்மையான அடர்த்தியா என்பது தெரிந்துவிடும். உங்கள் வட்டத்தில் எந்த பிளாண்ட் எப்போது நேரத்தை வெட்டுகிறது, எப்போது மைதானம் காலியாகிறது என்பதெல்லாம் அந்த நோட்டில் தானாக வந்துவிடும். அப்புறம் மைத்துனரோடு உட்கார்ந்து, காயவைக்கும் இடத்தோடு சேர்த்து நிலத்தின் விலையைப் போடுங்கள், பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

புதுவரவு77

இது செய்யக்கூடியதாக இருக்கிறது. எடைமேடை பக்கத்திலேயே உண்டு. கல்லை உலர்த்த எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

உலைவாய்

105 டிகிரி. இரண்டு முறை அடுத்தடுத்து எடை போட்டால் மாறாமல் இருக்கும்வரை. முழுக் கல்லை வைத்தால் நாள் கணக்கில் ஆகும், நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் துண்டாக அறுத்து வையுங்கள்.